ஒரே ரத்தம்தானே, மேடம்?

மருந்து எழுதாமல், ஊசி போடாமல், கத்தியைத் தொடாமல், வெறும் வாயை மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிற ஒரே கூட்டம் மரபணு ஆலோசகர்களாகிய நாங்கள்தான்.

பாளையங்கோட்டையில் ரத்த நோய்களுக்கென்று இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் என் அறை. டாக்டர் பரிசோதனை எழுதுவார். லேபில் ரத்தம் எடுப்பார்கள். முடிவு வந்ததும், "மெர்சி மேடத்தப் போய்ப் பாருங்க" என்று என் பக்கம் தள்ளிவிடுவார்கள். அந்த முடிவுக்கு என்ன அர்த்தம், அது யாரிடமிருந்து வந்தது, பிள்ளைகளுக்கு வருமா வராதா என்று விளக்குவது என் பாடு. அப்பா வாத்தியார், அம்மா வாத்தியார், அக்கா வாத்தியார். எங்கள் வீட்டில் விளக்குவது ஒரு பரம்பரை வியாதி. வீட்டுப் பெரியவர்களுக்கு ஏ.டி.எம். கார்டை எந்தப் பக்கமாகச் சொருக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து நொந்துபோனவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்களும் நம்ம ஆட்கள்தான். பக்கத்தில் வந்து உட்காருங்கள். போன வருஷம் ஒரு கல்யாணமே என் வாயை நம்பி நின்றது. அதைச் சொல்லத்தான் வந்தேன், வருகிற வழியில் மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

சொதியில் தக்காளி

செல் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு மூடிய அறை. அதற்குள் மரபணுக்கள். ஒவ்வொரு மரபணுவும் ஏதோ ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. மூலக் குறிப்பு அறையை விட்டு வெளியே வராது, நகல்தான் வரும். வெளியே அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, அதற்கேற்ற அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் புரதம் தயார். மூச்சுக்காற்றைச் சுமப்பது, ரத்தத்தை உறையவைப்பது, தின்ற சோற்றைச் செரிக்கவைப்பது எல்லாம் அந்தப் புரதங்கள் பார்க்கிற வேலை. பாடம் இவ்வளவுதான். ஆனால் இதை இப்படியே சொன்னால் எதிரே இருப்பவர் கொட்டாவி விடுவார்.

அதனால் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பான கல்யாண வீட்டுச் சொதியைப் பிடித்தேன். தலைமைத் தவசிப்பிள்ளை சமையல் குறிப்பை அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறார். நகல் மட்டும் அடுப்படிக்குப் போகிறது. அதைப் பார்த்து ஆட்கள் சமைக்கிறார்கள். மூலத்திலேயே ஓர் இடம் பிசகி, தேங்காய்ப்பால் என்று இருக்க வேண்டிய இடத்தில் தக்காளி என்று இருந்தால் என்ன ஆகும்? சமைக்கிறவர்கள் மேல் தப்பில்லை, அடுப்பு மேல் தப்பில்லை, ஆனாலும் அத்தனை பந்திக்கும் கெட்டுப்போன சொதிதான். இதைச் சொன்னால் திருநெல்வேலிக்காரர் யாருக்கும் உடனே விளங்கும், முகமே கோணிப்போகும்.

ஒரு நாள் ஒரு தம்பதிக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். படாரென்று கதவைத் திறந்துகொண்டு ஆறுமுகம் அண்ணாச்சி உள்ளே வந்தார். எங்கள் அட்டெண்டர் அவர். என் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கூப்பிடுவதும், நான் பேசுவதை ஒன்று விடாமல் கேட்பதும் அவர் வேலை. முதல் வேலைக்குத்தான் சம்பளம். மனுஷனுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. "யம்மா, நானும் எத்தன நாளாப் பொறுத்துப் பொறுத்துப் பாக்கேன். யாருக்கு என்ன நோய் வேணா வரட்டும், சொதில தக்காளி போடுத அந்தப் பயல மொதல்ல வேலய விட்டு நிறுத்துங்க!" என்றார்.

பட்டுச் சேலைக் கண்

டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்பவர் சங்கரன். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். மகள் மாசமாக இருக்கிறாள், பேரனுக்கும் இது வருமா என்று கேட்க வந்தார். கண்ணுக்குள்ளே நிறம் பார்க்கிற செல்கள் இருக்கின்றன, ஒளியைப் பிடிக்க அவற்றுக்கு ஒரு புரதம் வேண்டும், அந்தப் புரதத்தின் குறிப்பில்தான் உங்களுக்குப் பிசகு என்றேன். பிறப்பது ஆண் பிள்ளை என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் சொன்னேன்.

"அந்தக் குறிப்பு கண்ணுல மட்டுந்தான் இருக்குமா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக் கிடக்கிறவள் நான். "உங்க கால் கட்டை விரல்லயும் இருக்கு. பெரும்பாலும் எல்லாச் செல்லுலயும் எல்லாக் குறிப்பும் இருக்கு. தனக்கு வேண்டியத மட்டும் திறந்து வச்சிக்கிடும், மத்ததை மூடி வச்சிரும். விரல் செல்லு கண்ணோட குறிப்பைத் திறக்கவே திறக்காது" என்று மூச்சு விடாமல் சொன்னேன். "எங்க கடையும் அப்படித்தான். அலமாரி பூரா சேலதான், கேட்டத மட்டுந்தான் விரிப்போம்" என்றார். அவ்வளவு அழகாகப் பிடித்துக்கொண்ட மனுஷரிடம் நானும் ஒன்று கேட்டுவைத்தேன்: நிறமே தெரியாமல் இத்தனை வருஷமாகப் பட்டுச் சேலை எப்படி விற்கிறீர்கள்? "சேலயப் பாக்கவே மாட்டேன் மேடம். வாங்குதவங்க மூஞ்சியத்தான் பாப்பேன். மூஞ்சி மலந்துச்சுன்னா அதான் கலரு."

நஸ்ரினும் சுவரொட்டியும்

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். ஏரலிலிருந்து நஸ்ரின் என்ற பெண் தன் உம்மாவோடு வந்தாள். பி.எட். முடித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வெடுக் வெடுக்கென்று பேசுவாள், எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அன்சாரி, உம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மகன், மேலப்பாளையம், துபாயில் வேலை. சின்னதிலேயே பெரியவர்கள் பேசி வைத்தது. பெரியவர்கள் பேசி வைக்காவிட்டாலும் இவர்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருப்பார்கள் என்பது, மாப்பிள்ளை பேரைச் சொல்லும்போது அவள் முகம் போன போக்கிலேயே தெரிந்தது.

நஸ்ரினுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ரத்தம் கொஞ்சம் குறைவு. உம்மா விடவில்லை. இரும்புச்சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, போதாததற்கு வாரம் தவறாமல் சுவரொட்டி. ஆட்டு மண்ணீரலை வதக்கிக் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்று நம் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். இவளுக்கு மட்டும் ஊறவே இல்லை. கடைசியில் எங்கள் டாக்டர் சோதித்துப் பார்த்து, இது சத்துக் குறைவே இல்லை, தலசீமியா என்கிற பழுதுக் குறிப்பைச் சுமக்கிறவள் என்று எழுதி என்னிடம் அனுப்பினார்.

ரத்தச் சிவப்பணுவில் மூச்சுக்காற்றைச் சுமக்கிற புரதத்துக்குக் குறிப்பு இரண்டு உண்டு, உம்மா தந்தது ஒன்று, வாப்பா தந்தது ஒன்று என்று ஆரம்பித்தேன். "உனக்கு அதுல ஒண்ணு பழுது. இன்னொண்ணு நல்லா வேல செய்யுது. அதனால நீ நோயாளி இல்ல. ஆனா மாப்பிள்ளைக்கும் இதே மாதிரி ஒண்ணு பழுதா இருந்தா, பிறக்கிற பிள்ளைக்கு ரெண்டு பழுதும் சேர்ந்து போக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படிப் போனா அந்தப் பிள்ளைக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்தணும். சொந்தத்துக்குள்ள கட்டும்போது ரெண்டு பக்கமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு கூடுதல். அதனால நிக்காஹுக்கு முன்னால மாப்பிள்ளை ரத்தத்தையும் பாத்துருவோம்" என்றேன். உம்மா முகம் வாடிவிட்டது. நஸ்ரின் உம்மா பக்கம் திரும்பினாள். "அப்ப இத்தன வருசமா மூக்கப் பிடிச்சிக்கிட்டு நான் முழுங்குன சுவரொட்டியெல்லாம் சும்மாவா உம்மா?"

ஞானஸ்நானச் சட்டை

அன்சாரியின் ரத்தத்துக்காகக் காத்திருந்த வாரத்தில் உவரியிலிருந்து ஒரு குழந்தை வந்தது. சிவப்பணு உடையாமல் காக்கிற ஒரு புரதம் அவனுக்குக் குறைவு. பயப்பட ஒன்றுமில்லை, சில மாத்திரைகள் ஆகாது, துணிக்குப் போடுகிற பாச்சா உருண்டை வாசம் அறவே ஆகாது, பட்டால் ரத்தம் உடைந்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று முதல் நாளே தாய் தகப்பனிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். தலையைத் தலையை ஆட்டினார்கள்.

அடுத்த தடவை குழந்தையின் அத்தையும் கூட வந்தார். அந்தோணியம்மாள், திசையன்விளைச் சந்தைக்கு மீன் கொண்டுபோகிற யாவாரி, குழந்தைக்கு ஞானத்தாய் ஆகப்போகிறவர். "எங்க வீட்டுச் சட்ட மேடம். எங்கப்பா, எங்கண்ணன், எல்லாரும் இதப் போட்டுத்தான் ஞானஸ்நானம் வாங்கினாவ" என்று பெருமையாக ஒரு பையைப் பிரித்தார். ஐயோ! அறை பூராவும் பாச்சா உருண்டை நெடி. பூச்சி அரிக்காமல் இருக்கத் தகரப்பெட்டிக்குள் உருண்டையோடு உருண்டையாகப் பத்திரப்படுத்திய சட்டை. நான் போட்ட கூச்சலில் ஆறுமுகம் அண்ணாச்சி ஓடிவந்து, என்ன ஏது என்று கேட்காமலே பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

துவைத்துப் போடலாமா, வெயிலில் காய வைக்கலாமா, கொஞ்ச நேரம் மட்டும் போட்டுக் கழற்றிவிடலாமா என்று அந்தோணியம்மாள் பேரம் பேசிப் பார்த்தார். முடியவே முடியாது என்று நான் மேசையைத் தட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது, எனக்கே பாவமாக இருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாயிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "போகட்டும். சேசு பாலனே கந்தத் துணிலதான சுத்திக் கெடந்தாரு, எம் மருமவனுக்கு மட்டும் என்ன சட்ட வேண்டிக் கெடக்கு!"

நாலில் ஒன்று

நான் லீவில் இருந்த ஒரு சனிக்கிழமை அன்சாரியின் ரத்தம் லேபுக்கு வந்திருந்தது. முடிவும் வந்தது. அவருக்கும் அதே பழுது. இரண்டு வீட்டாரும் என் அறையில் கூடினார்கள். இந்தப் பக்கம் நஸ்ரின், உம்மா, வாப்பா. அந்தப் பக்கம் அன்சாரியின் தாயாரும் அண்ணன் சாகுலும். அன்சாரியின் வாப்பா காலமாகி வருஷம் பல ஆகிவிட்டது, அதிலிருந்து வீட்டுக்குப் பெரியவர் இந்தச் சாகுல்தான். அன்சாரி வரவில்லை. ரத்தம் கொடுத்த கையோடு துபாய்க்குத் திரும்பிப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சாகுல் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்தை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றில்லை, உண்டான ஆரம்ப மாதங்களிலேயே பிள்ளைக்குச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது, முடிவு இவர்கள் இரண்டு பேர் கையில் என்றேன். நஸ்ரினின் வாப்பா கேட்கிற நிலையில் இல்லை. "இந்தப் பேச்சே வேண்டாம். எம் பேரப்பிள்ள மாசாமாசம் ஆஸ்பத்திரி வாசல்ல கெடக்கதுக்கா நான் கட்டிக்குடுக்கேன்?" என்று எழுந்துவிட்டார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இது முறிந்தால் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுப் படியை இனி எந்த முகத்தோடு மிதிப்பார்? அப்போதுதான், இவ்வளவு நேரமும் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அன்சாரியின் தாயார் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு எல்லாரும் அழுதிய? நாலுல ஒண்ணுக்குத்தான வரும்? மூணோட நிறுத்திக்கிடச் சொன்னா முடிஞ்சு போச்சு!"

நஸ்ரினின் கோபம்

மறுநாள் நஸ்ரின் தனியாக வந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ரிப்போர்ட்டை நினைத்துத்தான் இந்தப் பாடு என்று நான் தண்ணீரை நீட்டிக்கொண்டே ஆறுதலை ஆரம்பித்தேன். "அதுக்கெல்லாம் நான் அழல மேடம்" என்று வெட்டினாள். "மச்சானுக்கும் எனக்கும் இருக்கத நாங்க பாத்துக்கிடுவோம். ஆனா ரத்தம் குடுக்க ஊருக்கு வந்திருக்காவ, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. இங்கன பாளையங்கோட்ட வரைக்கும் வந்துட்டு ஏரலுக்கு வரத் தோணலயா? ரத்தம் குடுத்தாச்சுன்னு மாமி வீட்டுல சொன்ன அன்னையிலருந்து நான் போன எடுக்கல. வாப்பா நிறுத்துதாரோ இல்லையோ, நானே நிறுத்திருவேன் போலிருக்கு."

இதேதடா வம்பு என்று அவள் போனை வாங்கி நானே அன்சாரியை வீடியோவில் கூப்பிட்டேன். நீலச் சட்டையும் தலையில் தொப்பியுமாக ஒரு பிள்ளை திரையில் வந்தார். பின்னால் ஏதோ இரும்பு இரைச்சல். "இந்தப் பிள்ள போனை எடுத்து எத்தன நாளாச்சு மேடம், என்னான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று கெஞ்சினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊருக்கு வந்து லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு, கட்டிக்கப்போகிற பெண்ணைப் பார்க்காமல் போனால் அவள் வேறென்ன செய்வாள் என்று பிடிபிடியென்று பிடித்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். முழித்தார். "மேடம், நான் ஊர்ப்பக்கம் வந்தே ரெண்டு வருசம் ஆகுது. எனக்கு எவன் ஊசி போட்டான்?"

அண்ணன் கொடுத்த ரத்தம்

சாகுலை வரச் சொன்னேன். ஹார்டுவேர் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்தார். யார் ரத்தம் அது என்றேன். "என்னோடதுதான்" என்றார், மறைக்கிற எண்ணமே இல்லாமல். நான் கத்திய கத்தில் வாசலில் இருந்த டோக்கன்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆறுமுகம் அண்ணாச்சி செம்பில் தண்ணீரோடு வந்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தானே குடித்தார்.

சாகுலுக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை. வாப்பா போனதிலிருந்து தம்பிக்கு எல்லாமே அவர்தான். பாங்கில் தம்பி வேலை, தாலுகா ஆபீசில் தம்பி வேலை, நிச்சயத்துக்கு எடுத்த சட்டையைக்கூடத் தானே போட்டுப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். மாப்பிள்ளை ரத்தம் வேண்டும் என்று ஏரலிலிருந்து சொன்னதும், அவன் எதற்கு அவ்வளவு தூரத்திலிருந்து வரவேண்டும் என்று இவரே வந்து கையை நீட்டிவிட்டார். லேபில் பெயர் கேட்டபோது அன்சாரி என்று சொல்லியிருக்கிறார். அது பொய் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உங்க உம்மாகிட்ட ரெண்டு குறிப்பு, வாப்பாகிட்ட ரெண்டு குறிப்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆளுக்கு ஒண்ணுதான் வரும், அண்ணனுக்கு வந்ததேதான் தம்பிக்கும் வரணும்னு இல்ல, ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டு தனி என்று தொண்டை வறள விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரே உம்மா, ஒரே வாப்பா, ஒரே குரூப்பு. இதுல என் ரத்தம் என்ன, அவன் ரத்தம் என்ன, ஒரே ரத்தம்தானே, மேடம்?"

அன்சாரி வந்தார்

பழுது சாகுலுக்கு என்றால், முதலில் சாகுலின் வீட்டைப் பார்க்க வேண்டும். அவர் மனைவியைச் சோதித்தோம், அவருக்கு ஒன்றுமில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த நோய் வராது, யாராவது சாகுலைப் போலச் சுமக்கிறவராக மட்டும் இருக்கலாம். ஆனால் அன்சாரிக்கு? அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்த ஒரு தடவை பார்ப்போம், அதிலும் அதே முடிவு வந்தால் பேச்சை விட்டுவிடுவோம் என்று நஸ்ரினின் வாப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "எப்படி வந்தாலும் எனக்கு மச்சான்தான்" என்று நஸ்ரின் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லையாம்.

அன்சாரி லீவு போட்டு வந்தார். விமானத்தை விட்டு இறங்கி நேரே எங்கள் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை பொறுப்பு ஆறுமுகம் அண்ணாச்சி. பாஸ்போர்ட்டை வாங்கினார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "வே, தொப்பியக் கழத்தும்" என்றார். ரத்தம் எடுக்கும்போது நர்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். ரத்தக் குழாயை லேப் வரைக்கும் தானே ஏந்திக்கொண்டு போனார்.

முடிவு வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனையோ வீட்டுக்கு நல்லதும் கெட்டதும் சொல்லியிருக்கிறேன், இவர்களுக்குக் கெட்டதைச் சொல்ல என் வாய் வராது என்று தோன்றியது. அன்று எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி கதவுக்கு வெளியே இருக்கவில்லை, உள்ளேயே வந்து நின்றுகொண்டார். நான் பாடம் எதுவும் நடத்தவில்லை. "அன்சாரிக்கு அது இல்ல. ரெண்டு குறிப்பும் நல்லா இருக்கு. பிள்ளைங்கள்ல யாராவது நஸ்ரின் மாதிரி இருக்கலாம், அந்த நோய் வராது" என்று மடமடவென்று சொல்லி முடித்தேன்.

நஸ்ரினின் வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்று நாற்காலியில் சாய்ந்தார். உம்மா எழுந்துபோய் அன்சாரியின் தாயாரைக் கட்டிக்கொண்டார். நஸ்ரின் அன்சாரியைப் பார்த்து, "இனி ஊருக்கு வந்தா சொல்லிட்டு வரணும்" என்றாள். வராமலே திட்டு வாங்கிய அந்தப் பிள்ளையும் சரி சரி என்று தலையாட்டினார். மூலையில் சாகுல் மட்டும் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். ஐயோ, பழுது தனக்குத்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது போல என்று பதறி அவர் பக்கத்தில் போனேன். உங்களுக்கு இதனால் ஒரு குறையும் வராது, பயப்படாதீங்க என்றேன். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சிரித்தார். "பயமா? சின்னப்பிள்ளைலருந்தே அவனுக்கு விழுத அடியெல்லாம் நாந்தான் மேடம் வாங்குவேன். இதயும் அவன்கிட்டப் போகவிடாம நானே வாங்கிட்டேன், பாத்தியளா!"

ஒரு பிள்ளைக்கு விழுந்ததால் இன்னொன்றுக்கு விழாமல் போகாது, ஒவ்வொருவருக்கும் சீட்டு தனி என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் கத்திக் கத்தியே பிழைக்கிற நான், அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்கினேன்.